சேற்றில் நின்ற கால்கள்

சேற்றுப்புண்ணுக்கு எங்கள் ஊரில் மருதாணிதான் மருந்து. நடவு நாட்களில் அப்பாயி பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் வாசல் படியில் உட்கார்ந்து, காலைக் கழுவி, விரல் இடுக்குகளைப் பழைய சேலைத் துணியால் ஒத்தி எடுப்பார். அப்புறம் மஞ்சளும் மருதாணியும் சேர்த்து அரைத்த விழுதை இடுக்கு இடுக்காக அப்பிக்கொண்டு, காலை நீட்டி வைத்தபடியே திண்ணையில் தூங்கிப் போவார். விடிந்து பார்த்தால் விரல்கள் கல்யாணப் பெண் விரல் போலச் சிவந்திருக்கும். நாங்கள் கிண்டல் செய்தால், "ஆமா, எனக்கு இன்னொரு கல்யாணம்" என்பார். சொல்லிக்கொண்டே மறுபடி வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

இந்தக் காட்சி பல வருடம் கழித்து எனக்குத் திடீரென்று நினைவுக்கு வந்த இடம் பெல்ஜியம். அந்த நாட்டின் மேற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லைப் பக்கம், ஈப்பர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முதல் உலகப் போரில் நான்கு வருடம் அந்த ஊரைச் சுற்றியே சண்டை நடந்தது, இரு தரப்பும் நிலத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி அதற்குள் பதுங்கியபடி. பெயர் வாயில் நுழையாத ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதை 'வைப்பர்ஸ்' ஆக்கிவிட்டார்கள். அலுவலக வேலையாகச் சில மாதம் பிரஸ்ஸல்ஸில் இருந்தபோது, ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் தன் வேனில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே அருங்காட்சியகத்தில் துப்பாக்கி, பீரங்கிக் குண்டு, சீருடை எல்லாவற்றையும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஜோடி பூட்ஸ் முன்னால்தான் நின்றேன். நெற்றுப் போலக் காய்ந்து, சுருங்கி, வாய் பிளந்து கிடந்தது.

இந்த பூட்ஸுக்கு ஒரு கதை உண்டு என்பது எனக்கு அதற்கு முன்பே ஓரளவு தெரியும். 1915 வாக்கில் பிரிட்டிஷ் படையில் கால்களைப் பற்றித் தனியாக உத்தரவுகள் வந்தன. சிப்பாய்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் காலுக்கு இன்னொருவர் திமிங்கல எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். தினமும் காலுறை மாற்ற வேண்டும். அதிகாரி வரிசையாக வந்து ஒவ்வொருவர் பாதத்தையும் குனிந்து பார்க்க வேண்டும். உலகத்தில் கால்வாசியை ஆண்டுகொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யம், சிப்பாயின் கால்விரல் இடுக்கைப் பற்றி உத்தரவு போட்டிருக்கிறது. அப்பாயி ஞாபகம் வராமல் என்ன செய்யும்?

அந்த உத்தரவு சும்மா வரவில்லை. 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேர் 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்ற கால் நோயால் விழுந்தார்கள். இதற்கு உறைபனி கூட வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நாள்கணக்கில் அசையாமல் நின்றால் போதும். ரத்த ஓட்டம் குறைந்து முதலில் கால் மரத்துப்போகும். அப்புறம் வீங்கும், நிறம் மாறும், தோல் வெளுத்து உரியும், முற்றினால் சதை அழுகும். வீங்கிய காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிவிட்டால் மறுபடி மாட்ட முடியாது என்பதால் பலர் கழற்றாமலே இருந்தார்கள். நோய் இன்னும் முற்றியது. சிலருக்கு விரல்களை எடுத்தார்கள், சிலருக்குப் பாதத்தையே எடுத்தார்கள். கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றியிருந்த துணிப்பட்டியும் ரத்த ஓட்டத்தைக் கெடுத்தது. 'பட்டீ' என்று அவர்கள் சொன்ன அந்தச் சொல்லே இந்தியாவிலிருந்து போனதுதான்.

எனக்கு இதில் எரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. கொஞ்ச நாளில் இந்த நோயை ஒழுங்கீனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பட்டாலியனில் கால் நோய் அதிகமானால் அந்த பட்டாலியனின் கட்டுப்பாடு சரியில்லை என்று பொருள். அதிகாரி பதில் சொல்ல வேண்டும். முழங்கால் தண்ணீரில் ஆளை நிறுத்திவிட்டு, ஏன் கால் நனைந்தது என்று கேட்பது. எண்ணெயும் காய்ந்த காலுறையும் நிச்சயம் பலன் கொடுத்தன, நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியின் தொனி இருக்கிறதே, அதைக் கேட்காத கூலியாள் யாரும் உலகத்தில் இருக்க முடியாது.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று டெல்டாக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. ஃபிளாண்டர்ஸ் என்கிற அந்தப் பகுதி தாழ்வான களிமண் பூமி. இரண்டடி, மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். பல தலைமுறையாக வடிகால் வாய்க்கால் வெட்டி, அதைத் தூர்வாரிப் பராமரித்துத்தான் அங்கே விவசாயம் நடந்தது. பீரங்கிக் குண்டுகள் முதலில் கொன்றது அந்த வாய்க்கால்களைத்தான். வடிகால் போனதும் மழைத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றது. ஆழமாகத் தோண்ட முடியாத இடங்களில் பள்ளத்துக்குப் பதிலாகத் தரைக்கு மேலே மண்மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள்.

சிப்பாய்கள் பதுங்கிக் கிடந்த இந்தப் பள்ளத்துக்கு, 'ட்ரெஞ்ச்' என்பதற்கு, தமிழில் என்ன சொல்வது என்பதே எனக்குச் சிக்கல். பாடப்புத்தகத்தில் 'அகழிப் போர்' என்று படித்தோம். அகழி என்றதும் நமக்குக் கோட்டையும் முதலையும்தான் தெரிகிறது. அகழியில் எதிரி விழுவான். இங்கே விழுந்து கிடந்தது நம் ஆள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "நாங்கள் பங்கர் எண்டுதான் சொல்லுறது தம்பி. பதுங்குகுழி எண்டு பேப்பர்லதான் வரும்" என்றார்.

ஈப்பருக்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவில், 'யார்க்ஷயர் ட்ரெஞ்ச்' என்று ஒரு துண்டுப் பதுங்குகுழி இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள், லாரிகள். தொழிற்பேட்டை விரிவடைந்தபோது, உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் அந்த நிலத்தைத் தோண்டி ஆராய்ந்து கண்டுபிடித்தது இது. அந்த வட்டாரத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் எலும்புகளை அவர்கள் எடுத்திருக்கிறார்கள். இப்போது அதே இடத்தில் குழியைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை.

உள்ளே இறங்கி நடந்தால் பத்தடிக்கு ஒரு திருப்பம். நேராக வெட்டியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று தோன்றும். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சில்லுகள் அந்த ஒரு மடிப்போடு நின்றுவிட வேண்டும். எதிரி ஒருவன் உள்ளே குதித்துவிட்டாலும் நீள நெடுகச் சுட முடியக்கூடாது. அதற்காகத்தான் அந்தக் கோணல். ஓரிடத்தில் பூமிக்கு அடியில் இருந்த தங்குமிடத்துக்கு இறங்கும் வாய் இருந்தது. எட்டிப் பார்த்தேன். கிணறு மாதிரி கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. தூங்குவதற்கு வெட்டிய இடம்.

அண்ணன் நெடுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "எங்கட வளவுக்குள்ள அப்பா வெட்டினது எல் வடிவம். மேல பனங்குத்தி, அதுக்கு மேல மண்மூட்டை. மாரியில உப்பிடித்தான் தண்ணி நிக்கும். பிளேன் சத்தம் கேட்டா அம்மா முதல்ல டார்ச் அடிச்சுப் பாம்பு கிடக்கோ எண்டு பாத்துப்போட்டுத்தான் எங்களை இறக்குவா" என்றார். நான் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே, "வா, குளிருது" என்று முன்னால் நடந்தார்.

போர் என்றால் சண்டை என்றுதான் நாம் நினைக்கிறோம். பதுங்குகுழியில் சண்டை நடந்த நாட்கள் குறைவு. மிச்சமெல்லாம் மண் வேலை. பொழுது விடிவதற்கு முன் எல்லோரும் துப்பாக்கியோடு சுவரோரப் படியில் ஏறித் தயாராக நிற்க வேண்டும், ஏனென்றால் தாக்குதல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். வெளிச்சம் வந்ததும் இறங்கி, துப்பாக்கி துடைத்து, ரம் ஒரு மடக்கு வாங்கிக் குடித்து, சாப்பிட்டு, கால் காட்டி, கிடைத்த மூலையில் சுருண்டு தூங்க வேண்டும். பகலில் தலை தூக்க முடியாது, குறிபார்த்துச் சுடுபவன் எதிரே காத்திருப்பான். அந்தி மயங்கும்போது மறுபடி படியேறி நிற்பது. இருட்டிய பிறகுதான் உண்மையான வேலை. இடிந்த சுவரைக் கட்டு, தண்ணீரை இறை, முள்கம்பி நடு, பின்னாலிருந்து சாப்பாடும் தண்ணீரும் குண்டுப் பெட்டியும் சுமந்து வா, கக்கூஸ் குழி வெட்டு, பழையதை மூடு, சுண்ணாம்பு தூள் போடு. துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்தவர்கள் அவர்கள்.

முன்வரிசையில் சில நாள், பிறகு அதற்குப் பின்னால் இரண்டாம் வரிசை, பிறகு ஊர்ப்பக்கம் 'ஓய்வு' என்று ஆட்களைச் சுழற்சியாக மாற்றினார்கள். வருடக்கணக்கில் ஒரே பள்ளத்தில் கிடந்தார்கள் என்று படங்கள் காட்டுவது சரியில்லை. ஓய்வு என்பதும் பெயருக்குத்தான். அங்கேயும் மூட்டை தூக்கும் வேலையும் அணிவகுப்பும் இருந்தன.

சாப்பாடு டப்பா மாட்டிறைச்சி, கல் மாதிரி பிஸ்கட், ஜாம். தண்ணீரைப் பெட்ரோல் கேன்களில் சுமந்து வந்ததால் டீ முழுக்கப் பெட்ரோல் வாசனை அடிக்கும். அந்த டீயை அவர்கள் 'ச்சார்' (char) என்றார்கள். நம்மூர்ச் சாயாவின் தம்பிதான். ரம் வந்த மண்ஜாடியின் மேல் எஸ்.ஆர்.டி. என்று மூன்று எழுத்து இருக்கும். அது ராணுவக் கிடங்கின் பெயர்ச் சுருக்கம். சிப்பாய்கள் அதை 'Seldom Reaches Destination', அதாவது 'போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அரிதாகத்தான் போய்ச் சேரும்' என்று விரித்துச் சொல்லிச் சிரித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் இந்த ஜோக் புரியும்.

எலிகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். பேன்தான் உண்மையான துணை. அழுக்குச் சட்டை, ஒட்டி ஒட்டிப் படுக்கும் உடம்புகள், குளியல் இல்லை. சட்டையின் தையல் மடிப்புக்குள் பேன் முட்டை வைக்கும். மெழுகுவத்திச் சுடரை அந்தத் தையல் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனால் முட்டைகள் படபடவென்று பொரியும். கொஞ்சம் அசந்தால் சட்டையே எரிந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்துகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். எங்கள் தெருவில் மதியம் மூன்று மணிக்குத் திண்ணைகளில் நடந்ததும் இதுதான், சுடர் மட்டும் கிடையாது. இப்படிப் பொழுதுபோக்காகத் தோன்றினாலும், மாதக்கணக்கில் ஆட்களைப் படுக்கவைத்த ஒரு காய்ச்சலைப் பரப்பியது இந்தப் பேன்தான். அதை உறுதி செய்யவே 1918 ஆகிவிட்டது.

எனக்கு அருங்காட்சியகங்களில் மிகவும் பிடித்த பொருள் ஒரு தபால் அட்டை. வீட்டுக்கு நலம் சொல்ல ராணுவமே அச்சடித்துக் கொடுத்தது. 'நான் நலமாக இருக்கிறேன்.' 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்.' அதற்குப் பக்கத்தில் 'நோயுற்று', 'காயம்பட்டு' என்று இரண்டு தேர்வுகள். 'உங்கள் கடிதம் கிடைத்தது.' 'தந்தி கிடைத்தது.' 'பார்சல் கிடைத்தது.' 'உங்களிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை.' வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, கீழே தேதியும் கையெழுத்தும் மட்டும் போட வேண்டும். கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். அம்மாவுக்கு அன்பு என்று எழுத இடமில்லை. பயமாக இருக்கிறது என்ற வரி அந்தத் தேர்வுகளில் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் எந்த வரி அடிபடாமல் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் கையெழுத்தைத்தான் பார்த்திருப்பார்கள், கோணலா, நேரா என்று.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். நூறு கெஜம், இருநூறு கெஜம் தள்ளி, சில இடங்களில் அதற்கும் அருகில், ஜெர்மன் சிப்பாயும் அதே மழையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அதனால் யாரும் பேசிவைக்காமலே சில இடங்களில் ஓர் ஏற்பாடு உருவானது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் சுடுவதில்லை. சோறு கொண்டுவரும் ஆட்களைக் குறிவைப்பதில்லை. சுட்டே ஆகவேண்டும் என்றால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தள்ளிச் சுடுவது. 1914 கிறிஸ்துமஸ் அன்று இரு தரப்பும் வெளியே வந்து கைகுலுக்கியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு நாளைவிட, கொண்டாட்டமே இல்லாத இந்தச் சாதாரணக் காலைகள்தான் பெரிதாகப் படுகின்றன. மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. இரவில் எதிரிக் குழிக்குள் புகுந்து தாக்கும்படி உத்தரவு போட்டு இந்தச் சமாதானத்தை அடிக்கடி கலைத்தார்கள்.

இந்தியச் சிப்பாய்கள் இந்தச் சேற்றுக்கு வந்தது 1914 இலையுதிர் காலத்தில். செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் உடம்பில் இருந்தது வெயில் நாட்டுப் பருத்திச் சீருடை. அக்டோபர் கடைசிக்குள் ஈப்பர் பக்கம் முன்வரிசையில் நின்றார்கள். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்கு வந்த பஞ்சாபிகள், பட்டாணியர்கள், கர்வாலிகள், கூர்க்காக்கள். அக்டோபர் 31 அன்று ஹொல்லபேக் அருகே, கூட இருந்த இயந்திரத் துப்பாக்கி ஆட்கள் எல்லோரும் இறந்துபோக, குதாதாத் கான் காயத்தோடு தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய முதல் இந்தியச் சிப்பாய் அவர். தமிழர் பக்கம் இதில் பெரிதாக எதுவும் இல்லை. வடக்கத்திச் சில சமூகங்கள்தான் 'வீர இனம்' என்று ஆங்கிலேயர் முடிவுகட்டி, மெட்ராஸ் ரெஜிமெண்ட்களை ஓரங்கட்டியிருந்த காலம் அது. நம் பக்கத்து மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) ஆற்றுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். ராணுவத் தணிக்கை அதிகாரிகள் அவற்றைப் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கை அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன, ஒற்றுப் பார்த்தவர்களின் மொழிபெயர்ப்பு லண்டனில் பத்திரமாக இருக்கிறது. இது போர் இல்லை, உலகத்தின் முடிவு, மகாபாரதத்தில் சொன்னது போன்றது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மரத்திலிருந்து இலை உதிர்ந்து தரை தெரியாமல் மூடுவது போல இங்கே பிணங்கள் என்று இன்னொருவர். தணிக்கை இருப்பது தெரிந்தவர்கள் சங்கேதமாகவும் எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒரு வரி வந்தால், மளிகைக் கணக்கு போலத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவனுக்குப் புரிந்துவிடும், வேறு யாரும் படையில் சேர வராதீர்கள் என்று. தணிக்கை அதிகாரிக்கும் புரிந்துவிட்டது, அதனால்தான் இன்று நமக்கும் தெரிகிறது.

அவர்களில் இரண்டு சகோதரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருவரும் அஃப்ரிதிப் பட்டாணியர், இருவரும் ஜமேதார்கள், அதாவது இந்தியப் படையின் இளநிலை அதிகாரிகள். தம்பி மீர் மஸ்த் 1915 மார்ச் தொடக்கத்தில், பிரான்சில் நடந்த நியூவ் ஷாப்பெல் போருக்குச் சில நாள் முன்பு, ஓர் இரவில் தன் ஆட்கள் சிலரோடு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அண்ணன் மீர் தஸ்த் ஏப்ரல் 26 அன்று, நாங்கள் நின்ற இடத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, விஷவாயுவுக்கு நடுவே ஆட்களைத் திரட்டி நடத்தி, காயம்பட்ட அதிகாரிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவர் துரோகி, ஒருவர் விக்டோரியா கிராஸ். இங்கிலாந்தின் பிரைட்டனில் ராஜா ஜார்ஜ் கையால் பதக்கம் வாங்கும்போது மீர் தஸ்த் ஒரு கோரிக்கை வைத்தார்: ஒருமுறை காயம்பட்டுத் தேறியவர்களை மறுபடி முன்வரிசைக்கு அனுப்பாதீர்கள். நடக்கவில்லை. தம்பி ஓடினான், அண்ணன் கேட்டார். இரண்டு பேரும் வேண்டியது ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காயம் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் ஆசைதான். உயிருக்கு ஆபத்தில்லாமல் ஊருக்கு அனுப்பும் அளவு காயத்துக்கு அவர்கள் 'பிளைட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சீமையைக் குறிக்கும் விலாயத் என்ற சொல்லின் திரிபு. இந்தியர்கள் வேண்டுமென்றே கையில் சுட்டுக்கொள்கிறார்கள் என்று 1914 கடைசியில் சந்தேகம் கிளம்பியது. பிரைட்டன் மருத்துவமனையில் புரூஸ் சீட்டன் என்ற மருத்துவ அதிகாரி ஆயிரம் காயங்களைச் சோதித்துப் பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். குழிக்குள் நின்று சுடுபவனுக்கு வெளியே தெரிவதே தலையும் கையும்தான், காயம் அங்கேதானே படும்?

புறப்புண் படுவது அவமானம் என்று சங்க காலம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஃபிளாண்டர்ஸில் காயங்களில் பாதிக்கும் மேல் பீரங்கிக் குண்டால் வந்தவை. தலைக்கு மேல் வெடிக்கும் குண்டின் சில்லுக்கு மார்பும் முதுகும் ஒன்றுதான். எதிரியின் முகத்தையே பார்க்காமல், தொட்டிக்குள் உட்கார்ந்து, அடுத்தது எங்கே விழும் என்று காத்திருந்ததில் பலருக்குப் பேச்சு நின்றது, கை நடுங்கியது, கண் தெரியாமல் போனது. 1915ல் அதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர் வந்தது. 1917ல் பிரிட்டிஷ் ராணுவம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. நோய் நிற்கவில்லை.

ஈப்பரிலிருந்து கால் மணி நேரம் ஓட்டினால் போப்பரிங்க. நகர மன்றக் கட்டடத்தின் பக்கவாட்டில், மரண தண்டனைக் கைதிகளை வைத்திருந்த அறை அப்படியே இருக்கிறது. முற்றத்தில் ஒரு மரக்கம்பம். ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் தண்டனை பெற்றவர்களை விடியற்காலையில் சுட்டார்கள், அதுவும் சொந்தப் படையே. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006ல் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அந்த அறையில் நான் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சுவரில் கைதிகள் கீறியவை இருக்கின்றன, அண்ணன்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சேறு உச்சத்துக்குப் போனது 1917ல். ஜூலை 31 முதல் நவம்பர் வரை நடந்த பாஷண்டேல் சண்டை. தாக்குதலுக்கு முன்பே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, இருந்த வடிகாலையும் நாசம் செய்திருந்தார்கள். ஆகஸ்ட் மழை கொட்டியது. குண்டு விழுந்த பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலமே கூழாகிவிட்டது. சேற்றின் மேல் போட்ட மரப்பலகைப் பாதையிலிருந்து இரவில் கால் தவறினால் அவ்வளவுதான், மூட்டையின் கனமே ஆளை இழுத்துவிடும். கோவேறு கழுதைகள் மூழ்கின, மனிதர்கள் மூழ்கினார்கள். காயம்பட்டவனைத் தூக்க இரண்டு பேர் போதுமான ஸ்ட்ரெச்சருக்கு ஆறு பேர், எட்டுப் பேர் வேண்டியிருந்தது, அப்படியும் மணிக்கணக்கில் ஆனது. நடவு வயலில் முழங்கால் வரை புதைந்து ஒரு காலை உருவும்போது மறுகால் இறங்குமே, அந்த அனுபவம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். நம் சேற்றுக்கு அடியில் கெட்டியான தரை உண்டு.

திரும்பும் வழியில் அண்ணன் வேனை மெதுவாக்கி, "அங்க பார்" என்றார். உழுத வயலின் ஓரத்தில், மின்கம்பத்தின் அடியில், துருப்பிடித்த இரண்டு பீரங்கிக் குண்டுகள். ஏதோ பால் கேன் வைத்தது போல வைத்திருந்தார்கள். கலப்பையில் மாட்டுவதை விவசாயிகள் இப்படி ஓரமாக வைத்துவிட, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து எடுத்துப் போகும். வருடத்துக்கு நூறு டன்னுக்கு மேல் கிடைக்கிறது. சிலவற்றில் விஷவாயு இன்னும் இருக்கிறது. 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் இப்படி ஒரு குண்டு வெடித்து இறந்தார்கள். நான் போட்டோ எடுக்க இறங்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்கட பக்கம் மிதிவெடி எடுத்து முடியேல்ல தம்பி. தரையில கிடக்கிற ஒண்டையும் கிட்டப் போய்ப் பாக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

ராத்திரி ரூமுக்கு வந்து பார்த்தால் ஷூ முழுக்க யார்க்ஷயர் ட்ரெஞ்சின் களிமண். சாக்ஸ் நனைந்து ஒட்டியிருந்தது. அப்பாவுக்கு போன் செய்தேன். எங்கே போனாய் என்று கேட்டார், சொன்னேன். கால் நோயைப் பற்றிச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார்.

"திமிங்கல எண்ணெயா? ஏன், அவனுவகிட்ட வேப்பெண்ணெ இல்லையாமா?"

"அங்க ஏதுப்பா வேப்பமரம்."

"எத்தன நாளு தண்ணியில நிப்பானுவ?"

"மூணு நாள், நாலு நாள். சில நேரம் அதுக்கு மேலயும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டிவி ஓடுவது மட்டும் கேட்டது. "ஏறி நிக்க ஒரு வரப்புகூட இல்லையா?" என்றார்.

"இருந்துச்சுப்பா. ஏறினா சுட்டுருவாங்க."

"அது சரி" என்றார். அப்புறம், "நீ முதல்ல அந்த ஈர சாக்ஸைக் கழட்டு" என்றார்.